பித்தளைத் தகட்டின் கடைசி வரி

பிளம்போர்ட், மசாசூசெற்ஸ்
9 மார்ச் 2025

அன்புத் தம்பி அல்பேட்,

மரியாயே வாழ்க. நீயும் மச்சாள் மேரிகிறேஸும் உன் மகள் சுஜீவா வீட்டாரும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மகன் சுஜிந்தன், மருமகள், பேத்தி தனுசியா எல்லோரும் சுகம். எனக்குக் கால் நோவு குறைந்து கண் புகைச்சல் கூடியிருக்கிறது. ஒன்று போனால் ஒன்று வரவேண்டும்தானே.

போன் எடுக்கவில்லை என்று குறை நினையாதே. தொழிற்சாலை மெசின் உன் காதைத் தின்றுவிட்டது. போனமுறை நான் கத்த, நீ "ஆ? ஆ?" என்று கேட்க, அடுத்த வீட்டு வெள்ளைக்காரன் கதவைத் தட்டிவிட்டான். எங்களுக்குக் கடிதம்தான் சரி. மொத்தப் பேனையால் பெரிசாய் எழுது. பூதக்கண்ணாடி வைத்து வாசிப்பேன்.

சுஜிந்தன் வீடு வாங்கிய இந்த ஊர் பெரிய பழசு. தடுக்கி விழுந்தால் ஓர் அறிவிப்புப் பலகையில்தான் விழவேண்டும். வீட்டுக்கு வீடு வெள்ளைப் பலகை: பீப்பாய் செய்த இன்னார் கட்டியது, 1748. சந்தியில் ஒரு பாறை, அரசனுக்கு எதிராய்ச் சண்டைக்குத் துவக்குத் தூக்கிக் கூடிய இடமாம். குதிரைக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டிக்குக்கூட ஒரு பலகை. எங்கள் வீட்டுக்கு இல்லை. அது கட்டி முப்பது வருடம்தான், இங்கே அது குழந்தைப்பிள்ளை.

சனிக்கிழமைகளில் வரலாற்றுச் சங்கத்தாரோடு பழைய சவக்காலைக்குப் போகிறேன். கல்லறைக் கல்லுகளைத் தண்ணீர் விட்டு மெல்லிய பிரஷால் கழுவுகிற வேலை. எழுத்தெல்லாம் தேய்ந்துபோய்க் கிடக்கிறது. எனக்குக் கண் புகைதானே, விரலால் தடவித் தடவி வாசிக்கிறேன். அதைப் பார்த்துச் சிரித்த கிழவிகள் இப்போது என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார்கள்.

முன்பின் தெரியாத ஆட்களின் கல்லை நான் கழுவுகிறேன். உன் அத்தான், இவருக்கு ஒரு கல் இல்லை. டென்மார்க்கில், உங்கள் ஹோர்சன்ஸ் சவக்காலையில், இருபது வருடம் முடிந்து காசு கட்டிப் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போய்விட்டதே. அதை நினைத்தால் சாப்பாடு இறங்குதில்லை.

பதில் போடு.
அக்கா பவளராணி


ஹோர்சன்ஸ்
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இறை ஆசீர் உங்கள் வீட்டில் நிறைக. உங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ந்தோம். மேரிகிறேஸுக்குச் சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றும்படி சுகம்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. துறைமுகத்துப் பக்கம் முதல்முதல் எங்கள் ஆட்களைக் கொண்டுவந்து இருத்திய பழைய விடுதி நினைவிருக்கும். அந்தச் சுவரில் ஒரு நினைவுத் தகடு வைக்கக் கொமூன நகரசபை அனுமதி தந்துவிட்டது. எங்கள் சங்கத்தின் முயற்சி. ஆனந்தராஜா அண்ணை தலைவர், நான் செயலாளர். 1985இல் அங்கே வந்திறங்கிய எட்டுப் பேரின் பெயரும் பித்தளையில் எழும்பி நிற்கிற எழுத்தில் வரும்.

கூட்டத்தில் நான் எழுதிய முதல் பெயர் ஸ்ரிபன் அத்தான். அவர் எழுதித் தராவிட்டால் எங்களில் எத்தனை பேரின் அகதி விண்ணப்பம் அந்தக் கந்தோர் மேசையிலேயே நின்றிருக்கும்? நான் இங்கே வந்ததும் அவர் எழுதிய கடிதத்தால்தானே. சவக்காலையில் போன பெயர் சுவரில் வரட்டும் அக்கா.

அங்கே பலகைகளில் வசனம் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். உதவியாக இருக்கும்.

என்றும் உங்கள் தம்பி
அல்பேட்


பிளம்போர்ட்
27 ஏப்ரல் 2025

என் தம்பி அல்பேட்,

உயிர்ப்பின் சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். மச்சாளுக்குச் சொல்லு, தேத்தண்ணிக்குச் சீனியை விட்டால் போதாது, கேக்கை விடாமல் வருத்தம் மாறாது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அழுதேன். பிறகு குசினிக்குள் நின்று சுஜிந்தனுக்குச் சொன்னேன். அவனுக்குத் தகப்பன் போகும்போது மூன்று வயது. சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் ஞாபகம் என்பான். அந்தப் பனியில் காலை வேலைக்குப் போன சைக்கிள்தான். நாற்பது வயது ஆண்பிள்ளை, நான் சொன்னதும் கோப்பையைக் கழுவினதையே திருப்பிக் கழுவினான். பிறகு, "அம்மா, நான் அதைப் போய்ப் பாக்கோணும்" என்றான்.

சவக்காலைக் கிழவிகளுக்கும் சொல்லிவிட்டேன். சந்தோசத்தில் புழுகம் என்றால் புழுகம்.

நீ கேட்டதற்குப் பலகை பலகையாய்ப் போய்ப் பார்த்தேன். வசனம் குறைவு. ஆர், எப்ப, என்ன செய்தவர், அவ்வளவுதான். உபயம் ஆரென்று தேடினேன், காணவில்லை. ஒரு பலகையின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் சின்னதாய்க் கிடக்கிறது. எங்கட ஆட்கள் கோயிலுக்கு ஒரு ரியூப்லைற் கொடுத்தால் வெளிச்சமே வராத அளவுக்கு உபயம் எழுதுவார்கள். நீ கவனம்.

இன்னொன்று. இங்கே பாதிரியார் வீடு என்று பெரிய பலகை. அவர் வீட்டில் அடிமையாய் இருந்து சமைத்த டைனா என்ற பெண்ணின் பெயர் அதில் இல்லை. இருநூறு வருடத்துக்குப் பிறகு ஆரோ கண்டுபிடித்து, ஊர் கூடிச் சண்டை பிடித்து, கீழே சின்னதாய் இன்னொரு பலகை வைத்தார்கள். நான் அந்தப் பக்கம் போனால் பாதிரியாரை விட்டுவிட்டு டைனாவைத்தான் துடைக்கிறது.

திறப்பு விழாத் திகதியை உடனே எழுது.

அன்பு அக்கா


ஹோர்சன்ஸ்
15 யூன் 2025

அன்புள்ள அக்கா,

நலமறிய ஆவல். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். சங்க வேலை தலைக்கு மேலே. சுஜீவாவின் மாமன் மாமி டோஸ்ட்ருப்பிலிருந்து வந்து ஒரு கிழமை நின்றார்கள். பெரிய இடத்து ஆட்கள், கோயில் குழு, அது இது என்று எல்லாவற்றிலும் பெயர் உள்ளவர்கள். நான் செயலாளர் என்றதும் ஒரு மரியாதை வந்தது.

தகட்டில் மேலே டேனிஷில் இரண்டு வசனம். முதல் வந்த தமிழர் இங்கே இருந்தார்கள் என்று மட்டும். கீழே தமிழில் பெயர்கள். தகடு வார்க்கிறவர் பதினாலு வரிக்கு மேல் கொள்ளாது என்கிறார். உபயம் தந்தவர்கள் எல்லோரும் பெயர் வரவேண்டும் என்கிறார்கள். ஒருவர் தன் பெயரோடு தகப்பன் பெயரும் ஊரும் வரவேண்டும் என்று நிற்கிறார். ஆளாளுக்கு ஒரு கதை. ஆனந்தராஜா அண்ணைக்குப் பிறஷர் ஏறிவிட்டது.

இங்கே நல்ல வெயில். மேரிகிறேஸ் பல்கனியில் மிளகாய் வைத்திருக்கிறாள்.

எல்லோருக்கும் அன்பு.
அல்பேட்


பிளம்போர்ட்
6 யூலை 2025

தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் இருக்கிறேன். உன் மிளகாயும் பூத்திருக்கும்.

உன் கடிதத்தில் மிளகாய் இருக்கிறது, சம்பந்தி இருக்கிறார்கள், ஆனந்தராஜா அண்ணையின் பிறஷர் இருக்கிறது. உன் அத்தான் இல்லை. இவரின் பெயர் எத்தனையாவது வரி? திகதி எப்போது? சுஜிந்தன் லீவு கேட்டு வைத்திருக்கிறான், நீ திகதி சொன்னால்தான் ரிக்கற் போடலாம்.

முந்தநாள் நாலாம் திகதி, இந்த நாட்டுச் சுதந்திரக் கொண்டாட்டம். சந்திப் பாறைக்கு மாலை போட்டு, அங்கே நின்ற துவக்குக்காரரின் பெயர்களை ஒரு பொடிச்சி உரக்க வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் மணி அடித்தார்கள். எனக்கு இவரின் பெயர்தான் காதில் விழுந்தது. விசர் என்று நினைப்பாய். நினை.

கண் இன்னும் மங்குகிறது. பூரணமாய் மூடமுதல் அதைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம் தம்பி.

உடனே எழுது.
அக்கா


ஹோர்சன்ஸ்
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

சுகம். சுகமறிய ஆவல்.

எங்கள் தெருவில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாடு முழுக்க எடுக்கிறார்களாம். அதனால் எழுதப் பிந்திவிட்டது. திறப்பு விழா 16ஆம் திகதி நடந்து முடிந்தது. திடீரென்று வைத்தார்கள், அறிவிக்க நேரமில்லை. கொமூன ஆட்கள் வந்தார்கள். சம்பந்தி வீட்டாரும் வந்தார்கள். எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

விழா முடிந்துவிட்டதால் நீங்கள் இந்தக் கண்ணோடு அலைய வேண்டாம். இங்கே காற்று பொல்லாதது. எங்கள் வீட்டுக்கும் பெயின்ற் அடிக்கிறோம், படுக்க வசதியில்லை. அடுத்த வருடம் பார்ப்போம்.

அல்பேட்


பிளம்போர்ட்
12 ஒக்டோபர் 2025

அன்புத் தம்பி,

உன் வீட்டில் உண்ட சோற்றுக்கு ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். பெயின்ற் மணம் ஒன்றையும் காணவில்லை, நல்ல காலம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினோம் என்று நீ திகைத்துப்போய் நின்றாய். சுஜிந்தன்தான், "மாமாவுக்குச் சப்பிறைஸ் குடுப்பம்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்கமாட்டேன். மச்சாள் பூசைக்குப் போக, நாங்கள் மூன்று பேரும் துறைமுகத்துக்குப் போனோம். காற்று சீலையை இழுத்தது. தகடு மஞ்சளாய் ஒரு வெளிச்சம் மாதிரித்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. "வாசி தம்பி" என்றேன். நீ மேலேயிருந்து வாசித்தாய். பிறகு என் கையைப் பிடித்துக் கடைசி வரியில் வைத்து, "இதுதான் அக்கா, அத்தான்ர பேர்" என்றாய். நான் குனிந்து அந்தப் பெயரை முத்தமிட்டேன். சுஜிந்தன் படம் எடுத்தான்.

அந்தப் படத்தை இங்கே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எந்த வரி என்று நீ காட்டியதை வைத்துக்கொண்டு, வாறவர் போறவருக்கெல்லாம், "திஸ் இஸ் மை ஃபாதர்" என்கிறான். தனுசியா பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் கீறினாள். அப்பப்பாவின் பெயரைப் படத்தைப் பார்த்துத் தமிழிலேயே கொப்பி பண்ணினாள். ரீச்சர் அதை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறாவாம்.

நவம்பர் பதினெட்டு எனக்குக் கண் வெட்டு. புகையை எடுத்துவிட்டுப் புது வில்லை வைப்பார்கள். பிறகு எல்லாம் தெரியுமாம். எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு.

அக்கா


ஹோர்சன்ஸ்
2 நவம்பர் 2025

அக்கா,

இன்று ஆத்துமாக்கள் திருநாள். சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. கண் வெட்டுக்கு முதல் இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

தகட்டில் அத்தானின் பெயர் இல்லை. நான் உங்கள் கையை வைத்தது என் பெயரில். அந்த வரி "உபயம்: அல்பேட்".

கடைசிக் கூட்டத்தில் ஒரு வரி கூடிவிட்டது. ஒன்றை எடுக்க வேண்டும். மற்ற ஏழு பேருக்கும் இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், எடுத்தால் வீடு தேடி வருவார்கள். ஆனந்தராஜா அண்ணை, "உம்மட உபயத்தை விடும்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. சம்பந்திக்கு என் பெயர் வருகுது என்று சொல்லிவிட்டேன். "அத்தான் எங்கட ஆள்தானே, அவை கோவிக்கமாட்டினம்" என்று நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். "உம்மட அத்தான். நீர் சொன்னாச் சரி" என்று எழுதிவிட்டார்.

எழுதுவோம் எழுதுவோம் என்றுதான் இருந்தேன். தபால் பெட்டியில் பழியைப் போட்டேன். அக்கா, பெட்டியைக் கழற்றியது உண்மை, ஆனால் கடிதம் கொடுக்கிற கடை எங்கள் சந்தியிலேயே இருக்கிறது. நீங்கள் வந்து நின்றபோது ஓடி ஒளிக்க இடம் தேடினேன். சுஜிந்தன் போனைத் தூக்கியபோது வாசிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். இந்தக் காலத்துப் போன் எந்தப் பாசையையும் வாசிக்குமாம். அவன் படம்தான் எடுத்தான். நீங்கள் குனிந்து முத்தமிட்டீர்கள். அந்த இடத்தில் நான் செத்திருக்கலாம்.

பொன்னாடையை மடித்து அலுமாரிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேரிகிறேஸ் ஏன் என்று கேட்கிறாள். என்ன சொல்ல? உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மன்னியுங்கள். புதுத் தகடு போடுவிக்கிறேன்.

அல்பேட்


பிளம்போர்ட்
30 நவம்பர் 2025

தம்பி அல்பேட்,

கண் வெளித்துவிட்டது. டொக்ரர் கட்டை அவிழ்த்ததும் முதல் தெரிந்தது என் கையில் எத்தனை சுருக்கம் என்பதுதான்.

உன் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல் வாசித்தேன். நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும். கல்லில் தேய்ந்துபோன எழுத்தைத் தடவி வாசிக்கிறவள் நான். பித்தளையில் குத்துக்கல் மாதிரி எழும்பி நிற்கிற எழுத்து எனக்குத் தெரியாமல் போகுமா? என் விரலில் முதல் பட்டது "உபயம்". அதற்குப் பக்கத்தில் உன் பெயர். இவரின் பெயரை எத்தனை கந்தோரில் எத்தனை தாளில் எழுதியிருப்பேன். அது அங்கே இல்லை என்று மேலும் கீழும் ஒருதரம் தடவிப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துப்போட்டு என் கையையே அதன்மேல் வைத்தாய்.

பிள்ளை பக்கத்தில் நின்றான். உன் முகம் எனக்குத் தெரியவில்லை, நீ என் கையை டக்கென்று விட்டது தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் என் தம்பி இவன் முன்னால் எப்படித் தலை நிமிர்த்துவான் என்று நினைத்தேன். குனிந்து முத்தமிட்டேன். உன் பெயர் என்று தெரிந்துதான்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அம்மா களைத்துப்போனா என்று பிள்ளை போர்வை போட்டுவிட்டான். போர்வைக்குள் உன்னைத் திட்டாத திட்டு இல்லை. சுவரில் தொங்குகிற படத்துக்குக் கீழே மூன்று நேரமும் இருந்து சாப்பிடுகிறேன் அல்பேட். வெட்கம் உனக்கு மட்டும் இல்லை. பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிற எனக்கும்தான்.

தகடு போடுவதும் விடுவதும் உன் மனச்சாட்சி. என்னால் முடியாதது ஒன்று. என் பிள்ளைக்கு நான் சொல்லமாட்டேன். அவன் உன்னைத் தகப்பனாக்கிச் சுவரில் வைத்திருக்கிறான். நீதான் சொல்ல வேண்டும்.

மச்சாளுக்குச் சீனி எப்படி?
அக்கா


ஹோர்சன்ஸ்
21 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

பாலன் பிறப்பின் வெளிச்சம் உங்கள் புதுக் கண்ணில் நிற்கட்டும். மேரிகிறேஸுக்குச் சீனி குறைந்துவிட்டது.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். காரணத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். எல்லோருடைய தேத்தண்ணியும் ஆறியது. இலைதுளிர் காலத்தில் கீழே ஒரு சின்னத் தகடு வரும். ஸ்ரிபன் அத்தானின் பெயர் மட்டும், உபயம் இல்லாமல். நீங்கள் டைனாவைப் பற்றி எழுதியபோது நான் அந்தப் பந்தியைத் தாண்டி வாசித்தவன்.

பிறகு சுஜிந்தனுக்குப் போன் எடுத்தேன். என் காது உங்களுக்குத் தெரியும். தனியக் கதைக்க முடியாது. சுஜீவாவைப் பக்கத்தில் இருத்தி, அவன் சொல்வதை அவள் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால் முதலில் என் மகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அவள் நம்பரை அடித்தாள்.

அப்பாவின் பெயர் தகட்டில் இல்லை என்றேன். அவள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஏன் எண்டு கேக்கிறான்" என்று எனக்குத் திருப்பிச் சொன்னாள். இடம் இருக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். அவள் வாயைத் திறக்கமுதல், "இல்லை, இடம் இருந்தது எண்டு சொல்லு" என்றேன்.

அதைத்தான் அவள் சொன்னாள். பிறகு அவள் என்னைப் பார்க்காமல், "அப்ப அது ஆரின்ர பேர் எண்டு கேக்கிறான்" என்றாள்.

"என்ர" என்றேன். அதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. நான்தான் போனுக்குக் கிட்டக் குனிந்து இங்கிலிஷில், "மை நேம்" என்றேன்.

அவன் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. சுஜீவாவைப் பார்த்தேன். அவள் போனை வைத்துவிட்டு எழும்பிப்போய் யன்னலடியில் நின்றாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். அண்டைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

அக்கா, அவன் அதை உங்களிடம் சொல்லியிருந்தால், எனக்கு எழுத வேண்டாம்.

தம்பி
அல்பேட்